சவேனிக் கிணற்றில் உப்பு ஏறிய கதை

கிணற்றில் உப்பு ஏறியதற்கு என் அக்காவின் தீட்டுதான் காரணம் என்று மாரியம்மன் கோயில் வாசலில் நின்று சொன்னார்கள். சொன்னவர் எங்களுக்குச் சித்தப்பா முறை, கோயில் கமிட்டியின் தலைவர். அக்கா கையில் தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வருஷங்கள் ஓடிவிட்டன, என் தலையும் நரைத்துவிட்டது, அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பிஜித் தீவில், லவுட்டோகா நகரத்துக்குப் பக்கத்து ட்ராசாவில் கரும்பு போட்ட குடும்பம். நிலம் எங்களுடையது இல்லை. பிஜியில் நிலம் பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குச் சொந்தம். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பங்கு, அந்தக் குலத்தை மத்தங்கலி என்பார்கள். அவர்களிடம் லீஸுக்கு எடுத்துத்தான் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பயிர் செய்தோம். வீட்டில் பாதிப் பேச்சு பிஜி இந்தி, மீதி மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்த பழைய தமிழ். சிரிப்புக்கு இந்தி, சண்டைக்குத் தமிழ் என்று எப்படியோ பழகிவிட்டது. எழுதப் படிக்க சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பில் கற்றுக்கொண்டேன். இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் என்ன மனநிலையில் எழுதுகிறேன் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

ட்ராசாவில் எங்கள் கிணறு மேட்டின் அடியில் இருந்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே இற்றுப்போன எரிமலைப் பாறை. மேட்டில் பெய்கிற மழை செம்மண்ணில் சுலபமாக இறங்கும், களியில் வந்து தயங்கும், பிறகு பாறையில் எங்கெங்கே வெடிப்பு இருக்கிறதோ அங்கங்கே நுழைந்து மெதுவாகக் கீழே வரும். இன்றைக்குக் குடிக்கிற தண்ணீர் எந்த வருஷத்து மழை என்று யாராலும் சொல்ல முடியாது. வறட்சி வந்தால் ஊற்று கீழே போய்விடும். அப்போது ஆம்பிளைகள் கடப்பாரையோடு உள்ளே இறங்கி இன்னும் கொஞ்சம் தோண்டுவார்கள். புதிதாக ஒரு வெடிப்பு அகப்படும், தண்ணீர் வரும். உடனே கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றி, ஆட்டுக்கறி ஆக்கி, லேசாகக் கிறங்க வைக்கிற நங்கோனா வேர்ப்பொடியை ஒரு வாளி கரைத்துச் சிரட்டை சிரட்டையாகக் குடித்துக்கொண்டு விடிய விடியப் பெருமை பேசுவார்கள். கிணறு வற்றினால் தோண்டு என்பதைத் தவிர வேறு எதையும் எங்கள் ஆம்பிளைகள் கற்றுக்கொள்ளவில்லை. ட்ராசாவுக்கு அது சரியான வேலைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் தடவை பட்டாளத்துக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, எங்கள் இந்தியர்களின் கை ஓங்கியிருந்த ஆட்சியைக் கவிழ்த்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வெளிநாட்டைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. லவுட்டோகாவில் ஒரு கம்பெனியில் கணக்கர் வேலை பார்த்த அண்ணன் ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போடுவதும், அது திரும்பி வருவதும், மறுபடியும் போடுவதுமாக இருந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் படுத்த படுக்கையாகி ட்ராசாவிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் கடைசிவரை தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் அக்கா. அதிலேயே அவளுக்குக் கல்யாண வயசு போய்விட்டது. ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் படித்து, பூகோள டீச்சராகி, கல்யாணம் செய்துகொண்டு லவுட்டோகாவில் குடியேறினேன்.

பிறகு ட்ராசா லீஸ் முடிந்தது. புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டை நாங்களே பிரித்தோம். தகரம், பலகை, ஜன்னல் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் சவேனியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் மறுபடியும் கட்டினோம். அந்த லீஸ் அண்ணன் பேரில் எடுத்தது. ஆம்பிளை அவர் ஒருவர்தானே! அக்கா பேரை யாரும் யோசிக்கவே இல்லை. பாராளுமன்றத்துக்குள் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து அடைத்து வைத்தார்களே, அந்த வருஷம் அண்ணனுக்கு விசா கிடைத்துவிட்டது. அண்ணி, பிள்ளைகளோடு சிட்னிக்குப் பறந்தார். விமான நிலையத்தில் அக்காவிடம், "நீ வீட்டப் பாத்துக்க. நாங்க செட்டிலானதும் உன்னக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அக்கா போக விரும்பவில்லை. சவேனி மண்ணில் கத்தரிக்காயும் நீட்டு பீன்ஸும் நன்றாக வந்தன. சனிக்கிழமை காலையில் லவுட்டோகா மார்க்கெட்டில் துணி விரித்து உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். முதல்முறையாக அவள் உழைப்பை அவளே சாப்பிட்டாள். "அங்க போயி என்ன பண்ணப் போறேன்? அண்ணி வீட்டுப் பின் ரூம்ல கெடந்து அவங்க புள்ளைங்களுக்கு லஞ்ச் கட்டணும். எனக்கு இந்த எடம் போதும்டி" என்றாள். அந்த நிலம் போனால் அவளுக்கு அந்தப் பின் அறையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அந்த நிலமோ கிணற்றை நம்பித்தான் இருந்தது.

சவேனிக் கிணறு ட்ராசாக் கிணறு மாதிரி இல்லை. அங்கே பாறையே கிடையாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும்தான், கீழே போகப் போகப் பவளத்துண்டும் சிப்பியும். மணலில் தண்ணீர் எந்தப் பக்கமும் தாராளமாக நகரும். மழைத் தண்ணீர் மேலேயிருந்து இறங்கிக் கடலைப் பார்த்து நகர்கிறது. கடல் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து அதே மணலுக்குள் புகுந்து வருகிறது. உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் கிடக்கும், நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கும். ரசத்தின் மேல் நெய் நிற்கிற மாதிரி என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். மேலே இருக்கிற நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி எடுத்து மட்டம் கொஞ்சம் இறங்கினால், அடியில் இருக்கிற உப்பு அதைப்போலப் பல மடங்கு மேலே எழும்பி வரும். கடலோரத்தில் கிணறு வெட்டுகிறவன் ஆழமாக வெட்டக் கூடாது. இவ்வளவுதான் பாடம், பதினான்கு வயசுப் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணற்றில் தண்ணீர் குறைந்தது. குடிக்கவும் சமைக்கவும் இருந்தது, பாத்திக்குத்தான் கொஞ்சம் இழுபறி. அக்கா அதைப் போனில் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அவள் எதையும் கேட்கவில்லை. சிட்னியில் இருந்துகொண்டு அண்ணன் உடனே குடும்பத் தலைவர் ஆகிவிட்டார். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கிணற்றை ஆழப்படுத்தச் சொல்லி, ஒரு பெட்ரோல் பம்புக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். சித்தப்பாவும் ட்ராசாக்காரர். அவருக்கு வேறு என்ன தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் இடுப்பளவு தோண்டியிருந்தார்கள். "நிறுத்துங்க சித்தப்பா, இது ட்ராசா இல்ல, கீழ உப்புத் தண்ணி இருக்கு" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "டீச்சரம்மா, நீ போர்டுல எழுது. கெணறு எங்க வேல" என்றார். அக்கா மண் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தவள் ஒரு கையை நீட்டினாள். "சித்தப்பா, சிப்பி வருது பாருங்க." முழுசு முழுசாகக் கடல் சிப்பி. "அது ஏதோ பழசு, புள்ள. நீ போயி டீ போடு" என்றார் அவர். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். "புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் கெணத்துல இருக்காதும்மா. அப்பா எத்தன தடவ தோண்டியிருக்காரு! நீ நடுவுல பூந்து கொழப்பாத" என்று வைத்துவிட்டார்.

தண்ணீர் வந்தது. வராமல் என்ன, அதுதான் கடலாயிற்றே! கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றினார்கள், நங்கோனா கரைத்தார்கள், பம்பை ஓட விட்டு வாய்க்காலில் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக் கைதட்டினார்கள். போனில் அந்தச் சத்தத்தை அண்ணனுக்குக் கேட்க வைத்தார்கள். அக்காவும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தாள், பாத்தி முழுக்க நனைந்ததைப் பார்த்து யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

கொஞ்ச நாளில் கத்தரி இலை ஓரம் கருகியது. பருப்பு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் குழையவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் டீயில் தெரிந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தேன். "தெரியுது இல்ல? எனக்குத்தான் நாக்கு கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றாள். அந்தப் பருவத்துக் காய் முழுக்கப் போயிற்று. மார்க்கெட்டில் அவள் உட்காருகிற இடத்தில் வேறு யாரோ துணி விரித்தார்கள்.

கோயில் விஷயம் அப்போதுதான் நடந்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கிணற்றைத் தொடக் கூடாது. வீட்டில் வேறொரு பெண் தண்ணீர் இறைத்துக் கொடுப்பாள். ட்ராசாவில் அம்மா இருந்தாள், அண்ணி இருந்தாள், நான் இருந்தேன், பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள். சவேனியில் யார் இருந்தார்கள்? அண்ணி சிட்னியில். பக்கத்து வீட்டுக் குடும்பம் ஆக்லாந்தில். அதற்கடுத்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. எல்லாரும் விமானம் ஏறிவிட்டார்கள், வழக்கத்தை மட்டும் தனியாக இருக்கிற ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் அந்த நாட்களில் தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டுமா? அவளே இறைத்தாள். யாரோ அதைப் பார்த்துச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"தனியா இருக்கற பொம்பள, சுத்தபத்தம் பாக்காம கெணத்துல கை வெச்சா ஆத்தா சும்மா இருப்பாளா? உப்பா மாத்திட்டா" என்றார் சித்தப்பா, பூசை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில். நான் படியிலேயே நின்று கேட்டேன். "தோண்டுனது நீங்க. சிப்பி வருதுன்னு அவ சொன்னப்ப டீ போடச் சொன்னது நீங்க. பம்பு வெச்சு உறிஞ்சுனது நீங்க. இப்ப பழி மட்டும் அவளுக்கா?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்து, "ஒரு பரிகாரம் பண்ணிடும்மா" என்றார். அக்கா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டாள். பஸ்ஸில் அழுதாள். அம்மா செத்தபோதுகூட அவள் எனக்கு முன்னால் அப்படி அழுததில்லை.

அண்ணனுக்குச் செய்தி போயிருந்தது. அவர் தீட்டைப் பற்றிப் பேசவில்லை, படித்தவர் இல்லையா! "கெணறு செத்துப்போச்சு. இனிமே அந்த நெலத்த வெச்சு என்ன பண்றது? வேணும்னு கேக்கறவங்களுக்கு விட்டுடலாம். அக்கா இங்க வந்துடட்டும், புள்ளைங்களப் பாத்துக்கவும் ஆள் வேணும்" என்றார். கிணற்றைக் கொன்றவரே அது செத்துவிட்டது என்று துக்கம் விசாரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ரிசீவரை வைத்த வேகத்துக்கு அது உடைந்திருக்க வேண்டும்.

அக்கா ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தாள். விடிகாலையில், பம்பு போடுவதற்கு முன்னால், மேலாக மொண்டெடுக்கிற முதல் வாளித் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. பம்பு ஓட ஓடத்தான் கரிக்கிறது. அவள் அதைச் சொன்னதும் நான் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்பு, நடுவில் கூம்பு மாதிரி எழும்பி நிற்கிற உப்பின் தலை, அதற்குள்ளே போய்க் குத்திக்கொண்டிருக்கிற நம் கிணறு. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப அவங்க தோண்டுனத நாம மூடிட்டா?" என்றாள். என் பாடப்புத்தகத்தில் அது இல்லை. தலைநகர் சுவாவில் நிலத்தடி நீர் வேலை பார்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். செய்யலாம், ஆனால் பம்பைத் தொடக் கூடாது, மழை இறங்கி மேலேயிருந்து அழுத்தினால்தான் உப்பு கீழே போகும், அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது என்றார்.

பம்பை மூட்டை கட்டி வைத்தோம். மேட்டுப் பக்கத்திலிருந்து அக்கா தள்ளுவண்டியில் களிமண் கொண்டுவந்து, அதைப் பிசைந்து உருட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். நான் விடுமுறை நாட்களில் போய்க் கூட நின்றேன். களியை நெருக்கமாக இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே சரளை போட்டு, பழைய மட்டத்துக்கும் கொஞ்சம் மேலாகவே கொண்டுவந்தோம். மழைத் தண்ணீர் ஓடிக் கடலில் விழாமல் நின்று மண்ணுக்குள் இறங்கட்டும் என்று நிலத்தின் மேல்பக்கம் குறுக்கே ஆழமில்லாத பள்ளங்கள் வெட்டினோம். சித்தப்பா ஒருநாள் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, "கெணத்த மூடற பொம்பளைய இப்பத்தாம்ப்பா பாக்கறேன்" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

அதுவரைக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. நிலத்துச் சொந்தக்காரர்களான மத்தங்கலியின் ஊர் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் குலத்துப் பெரியவரின் மனைவி, தன் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சில நாள் அவள் பிள்ளைகளே டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் எங்களைத் துரத்தப் போகிறார்கள் என்று பயந்துதான் எங்கள் ஆட்கள் நாட்டை விட்டே ஓடினார்கள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் அவர்கள்தான். எங்கள் கோயில் கமிட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர்கூட வரவில்லை. அக்கா அந்த நாட்களில் ஒரு ஓட்டலில் துணி துவைக்கப் போனாள்.

முதல் மழைக்காலம் முடிந்தும் கரித்தது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அண்ணன் வாராவாரம் கூப்பிட்டு, "டிக்கெட் போடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா, "இன்னொரு மழ பாக்கறேன்" என்றாள். இரண்டாவது மழை நன்றாகவே பெய்தது. பள்ளங்களில் தவளை கத்துகிற அளவுக்குத் தண்ணீர் நின்று, மெல்ல மெல்ல உள்ளே போனது. வெயில் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா என்னை வரச் சொன்னாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மூடியைத் திறந்து காட்டினாள், பருப்பு குழைந்திருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுபடியும் கத்தரி, மறுபடியும் மார்க்கெட். வாளியில் மொண்டு, பாத்தி பாத்தியாக ஊற்றித்தான். அப்படி இருக்கும்போது லீஸைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் வந்தது. அண்ணன் சிட்னியிலிருந்து வந்தார். பெரியவருக்கு நங்கோனாக் கட்டு கொண்டுபோய் முறைப்படி முன்னால் வைத்து, தன் பேரில் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்டார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எங்கள் இந்தியிலேயே பதில் சொன்னார். "உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நீ சிட்னியில இருக்க, நெலம் இங்க இருக்கு. இங்க இருக்கறவ பேர்ல கேளு, தரேன். உன் பேர்லன்னா நாங்களே எடுத்துக்கறோம்." அண்ணனுக்கு வேறு வழி இல்லை. அக்கா பேருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த நாள் வீட்டில் சாப்பாடு. சித்தப்பா வந்தார், கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். அண்ணன் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, ஒரு டம்ளர் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பாத்தீங்களா தண்ணிய? அன்னிக்கே ஆழப்படுத்தச் சொன்னேன். கொஞ்ச நாள் ஆனாலும் நல்ல ஊத்து புடிச்சிருச்சு. தங்கச்சி தனியாக் கஷ்டப்படறாளேன்னு நெலத்தயும் அவ பேருக்கே எழுதிக் குடுத்துட்டேன்." சித்தப்பா தலையாட்டினார். "நான் பரிகாரம் பண்ணச் சொன்னேனே, அதும் பலிச்சிருக்கு" என்று கூடச் சேர்த்துக்கொண்டார். அப்படி ஒரு பரிகாரத்தை யாரும் செய்யவே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்து என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "லீஸு என் கைக்கு வந்துருச்சு. பெருமைய அவுங்களே எடுத்துட்டுப் போகட்டும், ப்ளேன்ல எடம் இருக்கும்" என்று காதோடு சொல்லிச் சிரித்தாள். அவளால் சிரிக்க முடிந்தது. அவளுக்காக அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். என்னால் சிரிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. ஆகவே இங்கே நானே சொல்லிவிடுகிறேன். தோண்டச் சொன்னது அண்ணன், தோண்டியது சித்தப்பா, உப்பைக் குடித்தது அக்கா. களிமண் சுமந்து அந்தக் கிணற்றின் ஆழத்தைக் குறைத்து நல்ல தண்ணீரை மீட்டவளும் அவள்தான்.